மாத்திரையா கிட்னியைக் கெடுத்தது?

எங்கள் வானொலியில் வாரம் ஒரு நாள் காலையில் மருத்துவர் ஒருவரை அழைத்து, நேயர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்வோம். நான்தான் அறிவிப்பாளர். அன்றைய தலைப்பு கண்புரையாக இருக்கட்டும், மூட்டு வலியாக இருக்கட்டும், நாலாவது ஐந்தாவது அழைப்பில் ஒரு கேள்வி வந்துவிடும். “டாக்டர், இனிப்பு நீருக்குப் பதினைஞ்சு வருஷமா மாத்திரை சாப்பிடுறேன். இப்போ கிட்னி கொறைஞ்சிருக்குன்னு சொல்றாங்க. மாத்திரையாலதானே இது?” பந்திங்கில் இருந்து கேட்பார்கள், சுங்கை சிப்புட்டில் இருந்து கேட்பார்கள். சிலர் கேள்வியோடு நிறுத்துவதில்லை. “அதான் நான் சாப்பிடுறதையே விட்டுட்டேன்” என்பார்கள். அப்போது எதிரே இருக்கும் மருத்துவரின் முகம் எப்படி மாறும் என்பது நேயர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன ஆண்டு அதே கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. அம்மாவுக்கு வயது 62. கிள்ளானில் இருக்கிறார். பதினான்கு ஆண்டுகளாக இனிப்பு நீர், கூடவே ரத்தக் கொதிப்பு. அரசாங்க கிளினிக்கில் வழக்கமான ரத்தப் பரிசோதனைக்குப் பிறகு இளம் மலாய் மருத்துவர் ஒருவர், “ஆண்ட்டி, கிட்னி தாஹாப் தீகா” என்று சொல்லி, மூன்று மாதம் கழித்து மறுபடியும் ரத்தம் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார். தாஹாப் தீகா என்றால் மூன்றாம் கட்டம். நம் வீடுகளில் கட்டம் என்ற சொல் புற்றுநோய்க்குத்தான் பழக்கம். அதில் மூன்று என்றால் என்ன, நான்கு என்றால் என்ன என்று எல்லாருக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அம்மா அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டார்.

பக்கத்து வீட்டு மாமா வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர். வேன் வந்து ஹார்ன் அடிக்கும். போனால் நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருக்க வேண்டும். அவர் கையில் புடைத்திருக்கும் நரம்பை அம்மா தினமும் பார்க்கிறார். “நான் அங்கெல்லாம் போய்ப் படுக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்” என்றார் போனில். ஐந்து வாரம் கழித்து வீட்டுக்குப் போனபோது சமையலறையில் மைலோ டின்னைத் திறந்தேன். உள்ளே பிரிக்காத மாத்திரை அட்டைகள். மேசை மேல் பெரியம்மா கொண்டுவந்து கொடுத்த, பெயர் எதுவும் ஒட்டாத ஒரு பொடி டப்பா. மூட்டு வலிக்காகக் கடையில் வாங்கிய மாத்திரை மட்டும் தினமும் தவறாமல் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

அதாவது, காப்பாற்றக்கூடியது டின்னுக்குள்ளே. கெடுக்கக்கூடியது வயிற்றுக்குள்ளே. இது எங்கள் அம்மா மட்டும் செய்வதாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

52 என்றால் என்ன?

நம் இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்த்து ஏறக்குறைய 20 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒரு நாளைக்கு 180 லிட்டர் அளவுக்கு நீரை வடித்து, அதில் பெரும்பகுதியைத் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிட்டு, ஒன்றரை இரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியே அனுப்புகின்றன. இந்த வடிகட்டும் வேகத்தை மதிப்பிட்டுச் சொல்வதுதான் ரத்த அறிக்கையில் வரும் இ.ஜி.எஃப்.ஆர். என்ற எண். 90க்கு மேல் என்றால் நன்றாக இருக்கிறது. 60 முதல் 89 வரை என்றால், சிறுநீரில் புரதம் போன்ற வேறு கோளாறு இல்லாதவரை பொதுவாகப் பயமில்லை. 45 முதல் 59 வரை மூன்றாம் கட்டத்தின் முதல் பாதி, 30 முதல் 44 வரை இரண்டாம் பாதி. 15க்கும் கீழே போகும்போதுதான் ஐந்தாம் கட்டம், டயாலிசிஸ் பற்றிய பேச்சு. அம்மாவுக்கு 52.

இந்த எண்ணை நேராக அளப்பதில்லை. ரத்தத்தில் இருக்கும் கிரியேட்டினின் என்ற கழிவின் அளவு, வயது, ஆணா பெண்ணா என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். கிரியேட்டினின் தசையில் இருந்து வருவது. அதனால் ஒரே கிரியேட்டினின் இரண்டு பேருக்கு இரண்டு கதை சொல்லும். அம்மாவுக்கு வந்தது 105. அதே 105 ஒரு 28 வயது இளைஞனுக்கு வந்திருந்தால் அவன் இ.ஜி.எஃப்.ஆர். சுமார் 85, ஒன்றும் பிரச்சினை இல்லை. 62 வயதுப் பெண்ணுக்கு அது 52. “கிரியேட்டினின் கொஞ்சம்தான் ஏறியிருக்கு, பரவாயில்லை” என்று வயதானவர்களிடம் சொல்லிவிட்டுப் போவது இதனால்தான் சரியில்லை. முதல் நாள் நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தாலும், வாந்தி பேதியில் உடம்பு வறண்டிருந்தாலும் எண் மாறும். அதனால் ஒரே பரிசோதனையை வைத்து யாருக்கும் மூன்றாம் கட்டம் என்று முத்திரை குத்தக் கூடாது. மூன்று மாதமாவது இடைவெளி விட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். அம்மாவை வரச் சொன்னது அதற்காகத்தான். அவர் காதில் விழுந்தது மூன்று என்ற எண் மட்டும்.

இதோடு பார்க்க வேண்டிய இன்னொரு எண் இருக்கிறது. அதைப் பற்றி நம்மவர்கள் கேட்பதே இல்லை. சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் எவ்வளவு கசிகிறது என்பது. ஏ.சி.ஆர். என்று எழுதியிருக்கும். 3க்குக் கீழே இருந்தால் நல்லது. 3 முதல் 30 வரை கசிவு தொடங்கிவிட்டது. 30ஐத் தாண்டினால் வடிகட்டி நன்றாகவே ஓட்டை விழுந்திருக்கிறது. இ.ஜி.எஃப்.ஆர். 52 இருந்து கசிவே இல்லாத 75 வயதுப் பாட்டியும், அதே 52 இருந்து கசிவு 80 இருக்கும் 45 வயது லாரி ஓட்டுநரும் ஒரே கட்டத்தில்தான் இருக்கிறார்கள். ஆனால் அவசரம் அந்த ஓட்டுநருக்குத்தான். அம்மாவின் கசிவு 12.

நம் நாட்டில் 2011இல் எடுத்த கணக்கில் பெரியவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருந்தது. 2018இல் அது 15ஐத் தாண்டிவிட்டது. அவர்களில் தமக்கு நோய் இருப்பது தெரிந்தவர்கள் நூற்றுக்கு 5 பேர்தான். மூன்றாம் கட்டத்தில் வலிக்காது, காய்ச்சல் வராது, சிறுநீரும் வழக்கம்போல் போகும். இனிப்பு நீர் இந்த நாட்டில் இந்தியர்களுக்குத்தான் அதிகம் என்று சுகாதார அமைச்சின் கணக்கெடுப்புகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. புதிதாக டயாலிசிஸுக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களின் சிறுநீரகத்தைக் கெடுத்ததும் அதே இனிப்பு நீர்தான்.

பொம்பாவா தீ வைத்தது?

சரி, மாத்திரைக்கு வருவோம். பத்து, பதினைந்து வருடம் சர்க்கரை கூடி இருந்தால் வடிகட்டிகள் கெடும். பத்து, பதினைந்து வருடம் இனிப்பு நீர் இருப்பவர் அத்தனை வருடமும் மாத்திரையும் சாப்பிட்டிருப்பார். சர்க்கரை கண்ணுக்குத் தெரிவதில்லை, மாத்திரை தெரிகிறது. பழி மாத்திரை மேல் விழுகிறது. தீப்பிடித்த வீட்டு வாசலில் எல்லாம் பொம்பா வண்டி நிற்கிறது என்பதற்காகப் பொம்பாதான் தீ வைத்தது என்று சொல்வோமா?

இதை அம்மாவிடம் சொன்னேன். அவர் மசியவில்லை. “அப்புறம் ஏன் கிட்னி கொறைஞ்சதும் டாக்டரே மெட்ஃபார்மினைக் கொறைக்கிறாங்க?” என்று திருப்பிக் கேட்டார். நியாயமான கேள்வி. அடுத்த முறை கிளினிக்குக்கு நானும் கூடப் போனேன். அதே மருத்துவர்தான் இருந்தார். வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் நிதானமாக விளக்கினார்.

மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. அதை உடம்பில் இருந்து வெளியேற்றுவது சிறுநீரகம். அது பலவீனமானால் மருந்து உடம்பில் தேங்கி, ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து உண்டு. அதனால் இ.ஜி.எஃப்.ஆர். 45க்குக் கீழே போனால் அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே போனால் நிறுத்துவார்கள். 52இல் அப்படியே தொடரலாம்.

பெரிண்டோபிரில், லோசார்ட்டன் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரைகளின் கதை இன்னும் சுவாரசியமானது. அவை வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தை இறக்குகின்றன. புரதக் கசிவு குறைகிறது, வடிகட்டிக்கு ஆயுள் கூடுகிறது. ஆனால் அழுத்தம் இறங்கும்போது வடியும் வேகமும் முதல் சில வாரத்தில் கொஞ்சம் இறங்கும். கிரியேட்டினின் கூடும். 30 விழுக்காடு வரை கூடினால் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்டு மருந்தைத் தொடர்வார்கள். அதற்கு மேல் போனாலோ, பொட்டாசியம் ஏறினாலோதான் மாற்றுவார்கள். மருந்தைத் தொடங்கிய சில வாரத்தில் ரத்தம் எடுக்கச் சொல்வது இதைப் பார்க்கத்தான். விளக்கம் சொல்ல யாரும் இல்லாமல் அந்த அறிக்கையைக் கையில் வாங்குகிறவர் என்ன நினைப்பார்? “மாத்திரை கொடுத்தாங்க, கிட்னி கொறைஞ்சுது.” வதந்திக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அண்மைக் காலத்தில் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரைகள் வந்திருக்கின்றன. சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளுபவை. 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், சிறுநீரகம் மேலும் மோசமாவது, டயாலிசிஸ், சிறுநீரக அல்லது இதய நோயால் மரணம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தபோது டாபாகிளிஃப்ளோசின் எடுத்தவர்களுக்கு 39 விழுக்காடு குறைவாக இருந்தது. இனிப்பு நீர் இல்லாத சிறுநீரக நோயாளிகளுக்கும் பலன் தெரிந்தது. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று, அரிப்பு வரலாம். அதைச் சொல்லக் கூச்சப்பட்டு மாத்திரையை நிறுத்திவிடுகிற பெண்கள் உண்டு. சொன்னால் ஒரு களிம்பில் தீரும். இந்த மாத்திரை எல்லாருக்கும் பொருந்தாது. உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

உண்மையில் கெடுப்பவை

அந்த மருத்துவர் அம்மாவின் பையைக் கொட்டிப் பார்த்தபோது கோபப்பட்டது மூட்டு வலி மாத்திரைக்குத்தான். டைக்லோஃபெனாக், மெஃபெனாமிக் அமிலம், ஐபுபுரூஃபன் எல்லாம் ஒரே குடும்பம். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைப்பவை. பல்வலிக்கு ஒன்று போடுகிற இளைஞருக்கு அது தெரியாது. மூன்றாம் கட்டத்தில் இருப்பவர், அதிலும் பெரிண்டோபிரிலும் நீர் போகும் மாத்திரையும் சேர்த்து எடுப்பவர், தினமும் போட்டால் ஒரே மாதத்தில் எண் இறங்கிவிடலாம். அளவோடு பாராசிட்டமோல், தடவுகிற மருந்து, முழங்காலுக்கான உடற்பயிற்சி என்று அம்மாவுக்கு மாற்றிக் கொடுத்தார். வலி முழுசாகப் போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். படி ஏறும்போது இன்னும் முனகுகிறார்.

பெரியம்மாவின் பொடியைப் பற்றி எழுதினால் பெரியம்மா கோபித்துக்கொள்வார். இருந்தாலும் எழுதுகிறேன். நாட்டு மருந்து எல்லாமே விஷம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பதிவு இல்லாத பொடி, உருண்டை, கஷாயங்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும், அதே டைக்லோஃபெனாக்கும் கலந்திருந்ததை நம் சுகாதார அமைச்சு பல முறை கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. “குடிச்ச ரெண்டு நாள்ல மூட்டு வலி பறந்திடுச்சு” என்றால் சந்தோஷப்படுவதற்கு முன் சந்தேகப்படுங்கள். பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும், சிறுநீரகம் குறைந்தவர் மருத்துவரிடமோ மருந்தாளரிடமோ காட்டாமல் தொடக் கூடாது.

இன்னொன்று நம் வீட்டு வாசலிலேயே காய்ப்பது: பிளிம்பிங், அந்த நட்சத்திரப் பழம். அதில் இருக்கும் ஒரு நஞ்சு நரம்பைத் தாக்கும். ஆரோக்கியமான சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடும். குறைந்த சிறுநீரகத்தால் முடியாது. நிற்காத விக்கல், குழப்பம், வலிப்பு, மரணம் வரை போயிருக்கிறது. மூன்றாம் கட்டத்தில் இருப்பவர் அதைப் பழமாகவும் சாப்பிட வேண்டாம், ஜூஸாகவும் குடிக்க வேண்டாம்.

பயத்தில் தட்டைக் காலி செய்தவர்

தாஹாப் தீகா என்று கேட்ட நாளில் இருந்து அம்மா பருப்பை விட்டார், முட்டையை விட்டார், தக்காளியை விட்டார், கீரையை விட்டார். வெறும் சோறும் ரசமும். அதோடு, யாரோ சொன்னார்கள் என்று நாளைக்கு நான்கு லிட்டர் தண்ணீர். எடை இறங்கியது. சோறு கூடியதிலும் மாத்திரையை விட்டதிலும் வெறும் வயிற்றுச் சர்க்கரை 13க்கு ஏறியிருந்தது.

கிளினிக்கில் உணவு ஆலோசகர் அதையெல்லாம் திருப்பி வைத்தார். மூன்றாம் கட்டத்தில் புரதத்தை அடியோடு விட வேண்டியதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 0.8 கிராம் போதும், மிதமிஞ்சித்தான் போகக் கூடாது. அம்மாவின் பொட்டாசியம் சரியாக இருந்ததால் கீரைக்கும் தக்காளிக்கும் தடை இல்லை. பொட்டாசியம் கூடியவர்களுக்குச் சொல்லும் பத்தியத்தை எல்லாரும் பின்பற்ற அவசியமில்லை. தண்ணீரும் அப்படித்தான். மூன்றாம் கட்டத்தில் இருப்பவர்களைக் கூடுதலாகத் தண்ணீர் குடிக்க வைத்துக் கனடாவில் ஓராண்டு பார்த்தார்கள். 2018இல் வெளியான முடிவில் சிறுநீரகத்துக்கு அதனால் பலன் தெரியவில்லை. தாகத்துக்குக் குடித்தால் போதும்.

அவர் கண்டிப்பாக இருந்தது உப்பில். ஒரு நாளைக்கு மொத்தம் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம். சாம்பாரில் போடுவதை மட்டும் எண்ணினால் கணக்கு சரியாக வராது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, கிச்சாப், மீ பாக்கெட்டில் வரும் தூள், மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்கு ஊற்றும் குழம்பு எல்லாம் சேர வேண்டும். சோடியம் குறைந்த உப்பு என்று கடையில் விற்பதை வாங்கி வந்து மகிழ வேண்டாம். பலவற்றில் சோடியத்துக்குப் பதிலாகப் பொட்டாசியம் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீரகம் குறைந்தவர்களுக்கு, அதுவும் பெரிண்டோபிரில் எடுப்பவர்களுக்கு, அது வேறு ஆபத்து.

உப்பில் ஏன் இவ்வளவு பிடிவாதம்? ரத்தக் கொதிப்புக்காக. அதை 130/80க்குக் கீழே வைக்கச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் சுமார் 28 ஆயிரம் சிறுநீரக நோயாளிகளை ஐந்து ஆண்டுகள் வரை கவனித்து 2004இல் ஓர் ஆய்வு வந்தது. மூன்றாம் கட்டத்தில் இருந்தவர்களில் டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் வரை போனவர்கள் நூற்றுக்கு 1.3 பேர். இறந்து போனவர்கள் நூற்றுக்கு 24 பேர். சிறுநீரகம் குறைந்தவர்களைப் பெரும்பாலும் முதலில் தாக்குவது இதய நோய். வேன் ஹார்னுக்குப் பயப்படுகிற அம்மா பயப்பட வேண்டியது நெஞ்சுக்குத்தான். கொழுப்பு மாத்திரையும் நடையும் சிகரெட்டை விடுவதும் சிறுநீரகப் பேச்சில் வருவது இதனால்தான்.

அம்மா மாத்திரைக்குத் திரும்பினார். பெரிண்டோபிரிலின் அளவைக் கூட்டினார்கள். இ.ஜி.எஃப்.ஆர். முதலில் 48க்கு இறங்கியது. அன்று வீட்டில் நடந்த சண்டையை இங்கே எழுத இடம் போதாது. பிறகு 51, 50 என்று அங்கேயே நிற்கிறது. புரதக் கசிவு 12இல் இருந்து 5க்கு வந்திருக்கிறது. “ஏறலையே” என்கிறார் அம்மா. ஏறாது. போன வடிகட்டிகள் திரும்பி வருவதில்லை. இருப்பதைத் தங்க வைப்பதுதான் வைத்தியம்.

மாத்திரையைச் சில நாள் நிறுத்துவது சரியான முடிவாகும் நேரமும் உண்டு. கடுமையான வாந்தி, பேதி, எதுவும் உள்ளே போகாத காய்ச்சல் வந்தால், மெட்ஃபார்மின், பெரிண்டோபிரில் வகை, கிளிஃப்ளோசின் வகை, நீர் போகும் மாத்திரை ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, சாப்பிடத் தொடங்கியதும் திரும்ப எடுக்கச் சொல்வது வழக்கம். எதை, எத்தனை நாள் என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் கேட்டுக் கிளினிக் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தைப்பூச விரதம் இருப்பவர்களும், பத்துமலைக்கு வெயிலில் நடக்கிறவர்களும் ஒரு மாதம் முன்பே இதைப் பேசிவிட வேண்டும். சி.டி. ஸ்கேனுக்கு நரம்பில் மருந்து ஏற்றப் போகிறார்கள் என்றால், ஊசி போடுவதற்கு முன்பே உங்கள் எண்ணைச் சொல்லிவிடுங்கள்.

இனிப்பு நீரோ ரத்தக் கொதிப்போ இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது ரத்தமும் சிறுநீரும் கொடுத்துப் பார்க்க வேண்டும். ரத்தம் கொடுத்துவிட்டுச் சிறுநீர் டப்பாவை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிடுகிறவர்கள் நிறைய. காலையில் முதலில் போவதைப் பிடித்துக் கொண்டுபோங்கள், கசிவைச் சரியாகக் காட்டுவது அதுதான். முடிவு வந்ததும் இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு, ஏ.சி.ஆர். எவ்வளவு, போன தடவை எவ்வளவு என்று கேட்டுத் தேதியோடு எழுதி வையுங்கள்.